மண்வெட்டியோடு மனுவும் வேண்டும்

நொய்யல் கரைத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நொய்யல் வாய்க்கால்களிலும் குளக்கரைகளிலும் இறங்கும் நண்பர்களுக்கு,

கோவையில் குளம் காக்கும் குழுக்கள், திருப்பூரில் மரம் நடும் அமைப்புகள், ஊர்களில் வாய்க்காலைத் தூர்வாரும் இளைஞர் மன்றங்கள் என்று பல பெயர்களில் இயங்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். பாராட்டும் பொன்னாடையும் உங்களுக்குப் புதிதல்ல. அதனால் அதை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன்: நீங்கள் இல்லையென்றால் கோவையில் ஏரி, குளம் என்ற பேச்சு வீட்டுமனை விளம்பரத்தோடு நின்றுபோயிருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. அரசும் மக்களும் கைகோத்தால் ஆறு பிழைத்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். கை கோத்துத்தான் இருக்கிறோம். ஆனால் வேலையை மாற்றி எடுத்துக்கொண்டோம். சம்பளம் கொடுத்து ஆள் வைத்து அரசு செய்ய வேண்டிய துப்புரவை மக்கள் செய்கிறோம். தங்கள் ஊர்க் குளத்துக்கு என்ன தேவை என்று மக்கள் சொல்ல வேண்டியதை, அதிகாரியும் ஒப்பந்ததாரரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். கழிவு எந்தக் குழாயில் வருகிறது, யார் விடுகிறார்கள், எப்போது நிற்கும் என்ற கேள்வியை இரண்டு பக்கமும் தள்ளிப்போடுகிறோம். இந்த மாற்றாட்டம் தொடரும்வரை எத்தனை கோடி வந்தாலும் எத்தனை ஞாயிறு போனாலும் நொய்யல் இப்படியேதான் ஓடும்.

முதலில் இந்த ஆறு எப்படி இயங்கியது என்பதைப் பார்ப்போம். வெள்ளிங்கிரி மலையில் இறங்கும் ஓடைகள் சேர்ந்து நொய்யலாகி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களில் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது. ஆண்டு முழுதும் தண்ணீர் காணும் ஆறு இல்லை இது. தென்மேற்குப் பருவத்தில் மலையில் அடிக்கும் மழை திடீரென்று வரும். சில நாளில் வடிந்துவிடும். கீழே சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆகவே வருகிற வெள்ளத்தை ஓடவிடாமல் பிடித்துவைப்பதுதான் நம் முன்னோர் கண்ட வழி. ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி போன்ற சிறு அணைக்கட்டுகள், அங்கிருந்து ராஜவாய்க்கால், வாய்க்கால் வழியே குளம், ஒரு குளம் நிறைந்து கலங்கல் வழிந்தால் அடுத்த குளம், மிச்சம் மறுபடியும் ஆற்றுக்கு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளங்கள் எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

இந்த ஏற்பாட்டைக் காத்தது பக்தியோ சுற்றுச்சூழல் உணர்வோ அல்ல. குளத்துக்குக் கீழே வயல் இருந்தது. வாய்க்கால் அடைத்தால் தன் பயிர் காயும் என்று தெரிந்த ஆயக்கட்டுக்காரர்கள் இருந்தார்கள். வயல் வீட்டுமனையானபோது ஆயக்கட்டு போனது; ஆயக்கட்டு போனபோது குளத்துக்காகக் கேட்பதற்கு ஆளில்லாமல் போனது. நகரத்துக்குள் இருக்கும் பல குளங்களின் தண்ணீரில் இன்று யாரும் விவசாயம் செய்வதில்லை. அந்த இடத்தில்தான் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். நிலமில்லாத புதிய ஆயக்கட்டுக்காரர்கள் நீங்கள். பழைய ஆயக்கட்டுக்காரர் வாய்க்காலைத் தூர்வாரியதோடு நிற்கவில்லை. தண்ணீர்ப் பங்குக்காக மல்லுக்கட்டினார், மேல்மடைக்காரரைக் கேள்வி கேட்டார், தாசில்தாரிடம் போனார். அந்தப் பாதி வேலையை நாம் மறந்துவிட்டோம்.

மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கோவை நகரம் நொய்யலைக் குடிப்பதில்லை. சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் குடிநீர் வருகிறது. இரண்டுமே பவானிப் படுகையைச் சேர்ந்தவை. திருப்பூருக்கும் பவானி, காவிரித் தண்ணீர்தான். குடிப்பது ஓர் ஆற்றை, கழிப்பது இன்னோர் ஆற்றில் என்று இரண்டு பெரிய நகரங்களும் வாழ்கின்றன. அதனால் சாக்கடை கலந்த ஆற்றின் வலி சாக்கடை விடுகிறவருக்குத் தெரிவதே இல்லை. அது கீழே, ஒரத்துப்பாளையத்திலும் கரூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளிலும் தெரிகிறது.

ஒரத்துப்பாளையம் கதையை உங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். இளைஞர்களுக்காக அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசும் மக்களும் எப்படிச் சேர வேண்டும், எப்படிச் சேரக் கூடாது என்ற இரண்டு பாடமும் அதில் இருக்கிறது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டிய அந்த அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நோக்கம் பாசனம். அதே காலத்தில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி கிடுகிடுவென வளர்ந்தது, சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்பு வேண்டும். துணி எடுத்துக்கொள்வது சாயத்தை மட்டும். உப்பு முழுதும் கழிவுநீரில் போகிறது. தொண்ணூறுகளில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, உப்பைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் வயலுக்கு விஷமாகப் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியானது. தங்கள் நிலத்துக்குத் தண்ணீர் தரும் என்று காத்திருந்த விவசாயிகளே அந்த அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது.

அந்த விவசாயிகள் செய்ததைத்தான் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டும். ஆயக்கட்டுப் பாதுகாப்புச் சங்கமாகச் சேர்ந்தார்கள். கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரையும் நிலத்தையும் சாட்சியாக நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சூழல் இழப்புக்கான ஆணையம் 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக் கூடாது என்றது. அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் விதித்தது. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்; 2009 அக்டோபரில் அங்கேயும் தீர்ப்பு விவசாயிகள் பக்கம் நின்றது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே ஆடிப்போனது. பட்டறைத் தொழிலாளி வேலையிழந்தார். முதலாளி வெளியூருக்கு ஆர்டரைக் கொண்டுபோனார்.

அதற்குப் பின்தான் உண்மையான கூட்டுவேலை நடந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரத்தில் உப்புக் கரைசலைப் பிரித்து மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை வெற்றிபெற்றது. எதிர்சவ்வூடு பரவல் வடிப்பானும் ஆவியாக்கியும் சேர்ந்து இயங்கின. கழிவுநீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீண்டும் பட்டறைக்கே திரும்பியது. முடியவே முடியாது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட ஒன்று, இன்று திருப்பூர் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அடையாளமாகிவிட்டது.

இதில் யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். விவசாயி சாட்சி கொடுத்தார், விடாமல் கேட்டார். நீதிமன்றமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சட்டத்தைச் செயல்படுத்தின. அரசு கடன் கொடுத்தது. தொழில்துறை தன் பணத்தையும் மூளையையும் இறக்கியது. ஒவ்வொருவரும் தன்னால் மட்டுமே முடிகிற வேலையைச் செய்தார்கள். விவசாயிகள் சங்கம் அணையில் இறங்கிச் சாயத்தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு ஊற்றியிருந்தால் படம் பத்திரிகையில் வந்திருக்கும். ஒரு பட்டறையும் மாறியிருக்காது.

கதை சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அனுமதியில்லாமல் மறைவாக இயங்கும் பட்டறைகள், மழை நாளில் திறந்துவிடப்படும் கழிவு, சுத்திகரிப்பு நிலையங்களில் மலையாகக் குவிந்த கலப்பு உப்பும் சேறும் இன்னும் தீராத கணக்குகள். கெட்டுப்போன நிலத்தடி நீர் தீர்ப்பு வந்த மறுநாளே சரியாகிவிடவில்லை. அந்தத் தீர்ப்புக்கு வந்துசேரவே இத்தனை ஆண்டு ஆனது என்பதும் அரசின் கணக்கில் நிற்கிற தோல்விதான்.

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் குளத்தில் அள்ளும் ஆகாயத்தாமரை ஏன் மண்டுகிறது? வீட்டுச் சாக்கடையில் வரும் சத்து அதற்கு உரம். அந்தச் சத்து வரும்வரை நீங்கள் இன்று அள்ளிக் கரையில் போட்டது சில வாரத்தில் மறுபடியும் குளத்தை மூடும். சூலூர்ப் பக்கமும் கோவைத் தடுப்பணைகளிலும் மழைக்காலத்தில் பொங்கும் நுரையை எந்த மண்வெட்டியாலும் அள்ள முடியாது. நோயை விட்டுவிட்டு வேர்வையைத் துடைக்கிற வைத்தியம் இது.

கோவை மாநகரின் கழிவுநீருக்கு உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டர், நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி லிட்டர் திறனில் சுத்திகரிப்பு நிலையங்கள் திட்டமிடப்பட்டன. நிலையம் கட்டினால் போதுமா? வீட்டிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு இணைப்பு வர வேண்டும். இணைப்புக் கட்டணம், வாசலைத் தோண்டும் தொல்லை என்று தயங்கி மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிய வீடுகள் நம் தெருவிலும் உண்டு. நம் உறவினர் வீடாகவும் இருக்கலாம். நஞ்சுண்டாபுரம் நிலையம் குடியிருப்போர் எதிர்ப்பால் பல ஆண்டு தள்ளிப்போனதையும் நினைவுபடுத்துகிறேன். தங்கள் வீட்டுக்கு அருகே நாற்றம் வருமே என்ற அவர்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தைத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசித் தீர்க்காதது நிர்வாகத்தின் பிழை. இடையில் நின்று இரு பக்கமும் பேசக்கூடிய ஆள் நீங்கள்தான். இணைப்பு எடுக்கச் சொல்லி ஒரு தெருவையே ஒப்புக்கொள்ளவைப்பது, குளத்தில் நூறு மூட்டை குப்பை அள்ளுவதைவிடக் கடினம். பலனும் அதற்கேற்ப அதிகம்.

மறுபக்கம் அரசைப் பாருங்கள். நொய்யலின் அணைக்கட்டு, வாய்க்கால், குளங்களைச் சீரமைக்கச் சுமார் 230 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. சீர்மிகு நகரத் திட்டத்தில் உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் நடைபாதை, அலங்கார விளக்கு, படகுத்துறை என்று மாறின. மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார ஓர் இடம் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. கோவை மாதிரி ஊருக்கு அது தேவைதான். ஆனால் கரைக்குச் செலவான பணத்தோடு ஒப்பிட்டால், குளத்துக்குள் வரும் தண்ணீருக்கு எவ்வளவு செலவானது? கரையைக் கல்லால் கட்டும்போது நாரைக்கும் உள்ளானுக்கும் நின்று மேயத் தேவைப்படும் சேற்றுச் சரிவு போய்விடுமா என்று ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்னால் யாராவது உங்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. நாமும் திறப்பு விழாவுக்குப் போய்க் கை தட்டினோம்.

வேலையைச் சரியாகப் பிரித்துக்கொண்டபோது நல்லது நடந்ததற்கு நம் கண்ணெதிரே சாட்சி உண்டு. பல ஆண்டு வறண்டு கிடந்த வெள்ளலூர்க் குளத்துக்குத் தண்ணீர் வந்த கதை உங்களுக்கே தெரியும். வாய்க்கால் எங்கே அடைந்திருக்கிறது என்று நடந்து நடந்து கண்டுபிடித்தது தன்னார்வலர்கள். ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் அரசிடம் இருந்தது. அதை அரசு பயன்படுத்தியது. இரண்டும் சேர்ந்த பிறகே தண்ணீர் வந்தது.

இன்னொன்று, நொய்யலின் துணையாறான நல்லாற்றில் இருக்கும் திருப்பூர் நஞ்சராயன் குளம். சுமார் 125 ஹெக்டேர். அங்கே திருப்பூர்ப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பறவைகளை எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், பட்டியல் போட்டார்கள். இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்து வரை பதிவுசெய்தார்கள். எந்த வனத்துறை ஊழியரும் சம்பளத்துக்காக அந்தப் பொறுமையைக் காட்டிவிட முடியாது. அந்தப் பதிவுகள் வலுச் சேர்க்க, 2022-இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமானது. அறிவிப்பு வெளியிடும் அதிகாரம் எந்தத் தன்னார்வலருக்கும் கிடையாது. மக்கள் கொடுத்தது கண்ணும் பொறுமையும். அரசு கொடுத்தது சட்டமும் எல்லைக்கல்லும். கூட்டுறவு என்று நான் சொல்வது இதைத்தான்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அறுபது ஆண்டுக்கும் மேலாக ஊர் ஊராகக் கோரிக்கை வைத்து, உண்ணாவிரதம் இருந்து, ஆட்சி மாறினாலும் கோரிக்கையை மாற்றாமல் நின்றதால், 2024 ஆகஸ்டில் பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அதிலும் ஒரு பொறுப்பு நமக்கு இருக்கிறது. பக்கத்து ஆற்றிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டு, நம் ஆற்றைச் சாக்கடையாகவே வைத்திருப்பது பவானிக்காரருக்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது.

இனிச் சில யோசனைகள். கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடிப் பேசித் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் ஆற்றிலோ குளத்திலோ விழும் ஒவ்வொரு குழாயையும் ஓடையையும் வரைபடத்தில் குறியுங்கள். கையில் இருக்கும் போனே போதும். எங்கிருந்து வருகிறது, வீட்டுக் கழிவா, பட்டறைக் கழிவா, எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்று எழுதுங்கள். மேல்நிலை அதிகாரி ஒருவர் மாறிப் போகும்போது கோப்பு அலமாரியில் தூங்கிவிடும். ஊரின் நோட்டுப் புத்தகம் தூங்காது.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த இடங்களில் மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து, முடிவை வார்டு அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கிராம சபையைப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய அந்தச் சபையின் ஒரு நாளே மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நகரங்களில் 2022-இலிருந்து பகுதி சபை உண்டு. அங்கே நன்றி சொல்லிக் கலையாமல், எந்தக் குழாய் எந்தத் தேதிக்குள் அடைபடும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அந்தத் தீர்மானத்தின் நகலோடு போங்கள்.

எல்லை அளக்கக் கேளுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆக்கிரமிப்பு என்றதும் குளக்கரைக் குடிசையை மட்டும் பார்க்காதீர்கள். வாலாங்குளத்துக்குள்ளேயே ரயில் பாதையும் புறவழிச் சாலையும் போகின்றன. அவற்றைப் போட்டது ஏழை அல்ல. குடிசைக்காரருக்கு வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மாற்று வீடு கொடுக்கச் சொல்லும் குரலும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏழையை விரட்டி மீட்ட குளத்தில் பணக்காரர் நடைப்பயிற்சி போவது மறுசீரமைப்பு ஆகாது.

நன்கொடையில் கண் வையுங்கள். நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பொக்லைன் வாடகை தருகின்றன. வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே, உங்கள் ஆலைக் கழிவு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். கேட்க முடியாத நன்கொடை நமக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் கூட்டங்களில் கீழ்மடைக்காரர் இல்லை. கோவைக் குழுக்கள் கோவைக் குளத்தைப் பேசுகின்றன, திருப்பூர்க் குழுக்கள் திருப்பூரை. சென்னிமலை, காங்கேயம், கரூர்ப் பக்கத்து விவசாயி எங்கே? மலையடிவாரத்திலிருந்து காவிரியில் சேரும் இடம் வரை நான்கு மாவட்டத்தாரும் உட்காரும் ஓர் ஆற்றுக் குழுவை அரசிடம் கேளுங்கள். நீர்வளத் துறை, மாநகராட்சிகள், வாரியம், வனத்துறை, தொழில்துறை, விவசாயிகள் சங்கம், நீங்கள். அதன் கூட்டக் குறிப்பு பொதுவில் வர வேண்டும். ‘நடந்தாய் வாழி காவிரி’ போன்ற ஆற்றுச் சீரமைப்புப் பெருந்திட்டங்களின் பணம் வரும்போது, எங்கே முதலில் செலவழிக்க வேண்டும் என்று சொல்லும் குரல் ஒப்பந்ததாரருடையதாக இல்லாமல் அந்தக் குழுவுடையதாக இருக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை, நீங்கள் இதை அவர்களிடம் காட்டுவீர்கள் என்ற நம்பிக்கையில். தன்னார்வலரை விழா மேடையில் ஏற்றுவதைக் குறைத்துக்கொண்டு, திட்டம் தீட்டும் மேசைக்கு அழையுங்கள். அவர் கேட்கும் கேள்வி எரிச்சலூட்டும். ஒரத்துப்பாளையத்தில் அந்த எரிச்சலை முப்பது ஆண்டுக்கு முன்பே தாங்கியிருந்தால், ஓர் அணையும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் பிழைத்திருக்கும்.

நண்பர்களே, தூர்வாருவதை நிறுத்தச் சொல்லவில்லை. கையில் மண் படாதவர் பேச்சை இந்த ஊர் கேட்காது. அந்த மதிப்பை நீங்கள் உழைத்துச் சம்பாதித்திருக்கிறீர்கள். அதைத் துப்புரவில் மட்டும் செலவழித்துவிடாதீர்கள். மாதத்தில் மூன்று ஞாயிறு குளத்தில் இறங்குங்கள். நான்காவது ஞாயிறு குழாய்களை எண்ணுங்கள், மனு எழுதுங்கள். மறுநாள் திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

அன்புடன்,
நொய்யல் படுகையில் வாழும் உங்களில் ஒருவன்